வரைபடத்தில் மீன் இருக்கிறது, கடலில் இல்லை: செயற்கைக்கோள் படம் எங்கே காலை வாருகிறது?

வியாழக்கிழமை இரவு 10 மணி தாண்டினால் என் கைபேசியில் கடலின் செயற்கைக்கோள் படங்கள் வந்து விழ ஆரம்பித்துவிடும். தூண்டில் போட ஒருவன் மலேசியக் கிழக்குக் கரையில் மெர்சிங் போகிறான், இன்னொருவன் ரொம்பின் போகிறான், கேள்வி மட்டும் ஒன்றுதான்: "அண்ணே, இந்தச் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவுல போனா மீன் கிடைக்குமா?" ஞாயிற்றுக்கிழமை இரவு அதே ஆட்கள் வெறும் ஐஸ் பெட்டியோடு சிங்கப்பூர் திரும்பும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் நின்றுகொண்டு செயற்கைக்கோளைத் திட்டி அனுப்புவார்கள்.

செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது தண்ணீரின் மேல்தோல் சூட்டையும், தண்ணீரின் நிறத்தையும், கடல்மட்டம் கொஞ்சம் ஏறி இறங்குவதையும்தான். சூடோ நிறமோ சட்டென்று மாறும் கோட்டில், அதாவது எல்லையில், மீன் இருக்கலாம் என்பது நம்முடைய ஊகம். ஊரில் நாகப்பட்டினம் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் மீன்பிடி மண்டலத் தகவல் தமிழிலேயே வருகிறது. எந்தத் துறையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று எல்லாம் அதில் இருக்கும். அங்கே வெப்பத்தையும் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியின் பச்சையத்தையும் சேர்த்துப் பார்த்து நிபுணர்கள் வடிகட்டித் தருகிறார்கள். இங்கே நாம் வீட்டில் உட்கார்ந்து நாமே படத்தைத் திறக்கிறோம், வடிகட்டுகிற வேலையும் நம் தலையில்தான். அதனால் எந்தக் கோளாறு எப்படித் தெரியும், எதைச் சரிபார்ப்பது என்று ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன், அடுத்த வியாழக்கிழமை இதையே அனுப்பிவிடலாம்.

படம் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கிறது

மேகம், வேறொன்றும் இல்லை. வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புக் கருவியும் சரி, நிறத்தைப் பார்க்கும் கருவியும் சரி, மேகத்தைத் துளைத்துப் பார்க்காது. நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரி கூட மேலே இல்லை, இங்கே மேகம் இல்லாத நாளைத் தேடுவது மழை இல்லாத டிசம்பரைத் தேடுவது மாதிரி.

முதலில் ஒரே செயற்கைக்கோளை நம்பி உட்காராதீர்கள். சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 மூன்று செயற்கைக்கோளிலும் வெப்பத்தையும் நிறத்தையும் பார்க்கும் ஒரே மாதிரி வியர்ஸ் கருவி இருக்கிறது. சென்டினல்-3 இரண்டு இருக்கின்றன, நிறம் பார்க்க 2024 பிப்ரவரியில் ஏவிய பேஸ் இருக்கிறது. ஒன்றில் மூடியிருக்கும் இடம் இன்னொன்றில் திறந்திருக்கலாம். வெப்பத்துக்கு எனக்குப் பிடித்தது ஹிமவாரி-9. அது சுற்றிவருவதில்லை, 140.7 டிகிரி கிழக்கில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு 10 நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறது. மேகம் நகரும், கோள் நகராது, அதனால் ஒரு ராத்திரி முழுக்க எடுத்ததைச் சேர்த்தால் ஓட்டைகள் தானாக அடைபடும்.

நுண்ணலைக் கருவி மேகத்தைத் தாண்டிப் பார்க்குமே என்று யாராவது சொல்வார்கள். பார்க்கும்தான். ஆனால் அதன் ஒரு புள்ளி 25 கிலோமீட்டர் அளவு, கரையும் தீவும் பக்கத்தில் இருந்தால் அதுவும் உளறும். மெர்சிங்கிலிருந்து தியோமான் தீவு வரை நமக்குத் தேவையான கடல் முழுவதும் அதில் ஒன்றிரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும், அதை வைத்து என்ன செய்வது?

படத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை, ஆனால் போன இடத்தில் கோட்டைக் காணவில்லை

இதுதான் முதல் கோளாறைவிட ஆபத்து. வெறுமையான படம் "எனக்குத் தெரியாது" என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. ஓட்டை அடைத்த படம் தெரிந்த மாதிரி நடிக்கும். எம்யூஆர் என்று ஒரு தினசரி வெப்பப்படம் இருக்கிறதே, 0.01 டிகிரி கட்டம், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், பார்க்க எண்ணெய் ஓவியம் மாதிரி இருக்கும். அதில் மேகத்துக்கு அடியில் இருக்கும் பகுதியெல்லாம் சுற்றுப்புறத்தையும் முந்தைய நாட்களையும் வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பியது. மூன்று நாள் மேகம் மூடிக் கிடந்தால் அங்கே தெரியும் கோடு மூன்று நாள் பழசு, அதுவும் மழுங்கியது.

சரிபார்ப்பது சுலபம். அதே நாளின் நிரப்பாத படத்தை, அதாவது செயற்கைக்கோள் ஒருமுறை தலைக்கு மேல் கடந்து போகும்போது, ஒரே கடப்பில் எடுத்ததை, பக்கத்தில் திறந்து வையுங்கள். நீங்கள் குறிவைத்த இடம் அதில் வெறுமையாக இருந்தால் அந்தக் கோட்டை நம்பி டீசல் போடாதீர்கள். எம்யூஆர் கோப்பிலேயே பிழை மதிப்பீடு என்று தனி அடுக்கு உண்டு, அது உயர்ந்திருக்கும் இடம் ஊகம் அதிகமான இடம்.

8 நாள் சராசரிப் படத்திலும் இதே கதைதான், கூடவே இன்னொரு வேடிக்கை: வெவ்வேறு நாளின் துண்டுகளை ஒட்டியதால் ஒட்டுப்போட்ட இடமே ஓர் எல்லை மாதிரித் தெரியும். கடலில் எந்த எல்லையும் ஸ்கேல் வைத்துக் கிழித்தது மாதிரி நேராக இருக்காது. நேர்கோடு தெரிந்தால் அது ஒட்டு.

கடல் முழுக்க ஒரே சிவப்பு

வண்ண அளவுகோலை மாற்றவில்லை, அவ்வளவுதான். உலகம் முழுவதற்கும் போட்ட அளவுகோல் 0 முதல் 32 டிகிரி வரை இருக்கும். நம் கடல் வருடத்தின் பெரும்பகுதி 28க்கும் 31க்கும் நடுவில் கிடக்கிறது. கீழ் எல்லையை 28.5, மேல் எல்லையை 30.5 என்று இறுக்கிப் பாருங்கள், இல்லாத மாதிரி இருந்த கோடெல்லாம் எழுந்து நிற்கும். இங்கே அரை டிகிரி வித்தியாசமே பெரிய விஷயம். அமெரிக்கக்காரர்களின் காணொளியைப் பார்த்துவிட்டு 3 டிகிரி, 4 டிகிரி எல்லை தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது, அது அவர்கள் கடல்.

பச்சையத்துக்கு அளவுகோல் மடக்கையில் இருக்க வேண்டும். 0.1, 1, 10 சம இடைவெளியில் வந்தால்தான் திறந்த கடலின் மெல்லிய வேறுபாடு தெரியும்.

நேற்று மதியம் சூடாகத் தெரிந்த இடம் இன்று காலை இல்லவே இல்லை

அகச்சிவப்புக் கருவி அளப்பது தண்ணீரின் மயிரிழையிலும் மெல்லிய மேல்தோலை. காற்றே இல்லாத மதியத்தில் அந்தத் தோலும் அதற்கடியில் கொஞ்சமும் 2 டிகிரிக்கு மேல்கூடச் சூடேறும், சாயங்காலம் காற்று அடித்ததும் கலந்து போய்விடும். மீனுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. மதியப் படத்தில் தெரியும் சூட்டுத் திட்டு பெரும்பாலும் காற்று எங்கே அடிக்கவில்லை என்பதற்கான படம்தான். ராத்திரிக் கடப்பை எடுங்கள்.

இங்கே நேரக் குழப்பம் ஒன்று சேர்ந்துகொள்ளும், இதில் பல பேர் விழுகிறார்கள். வியர்ஸ் கருவிகள் கடப்பது சூரிய நேரப்படி பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை. நம் கடிகாரம் 1982 முதல் உலக நேரத்துக்கு 8 மணி முன்னால் ஓடுகிறது, சூரியக் கணக்குப்படி பார்த்தால் 7 மணிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க வேண்டும், அதனால்தான் சிங்கப்பூரில் உச்சி வெயில் 12க்கு இல்லாமல் 1 மணிக்கு அடிக்கிறது. ஆக அந்தக் கடப்பு நம் கைக்கடிகாரத்தில் இரண்டரை மணிவாக்கில். அதிகாலை இரண்டரை என்றால் உலக நேரத்தில் முந்தைய நாள் சாயங்காலம் ஆறரை. புரிகிறதா? சனிக்கிழமை விடியற்காலை எடுத்த படத்தின் கோப்பில் வெள்ளிக்கிழமை தேதி இருக்கும். "பழைய படம்" என்று நீங்கள் ஒதுக்கியதுதான் இருப்பதிலேயே புதுசு.

சின்னக் குளிர்த் திட்டுகள், அங்கங்கே தூவியது போல

மேகத்தின் ஓரம். மென்பொருள் மேகத்தை வெட்டி எடுத்த பிறகும் ஓரத்தில் மிச்சம் ஒட்டியிருக்கும், மேகம் குளிர்ச்சி என்பதால் அந்தப் புள்ளிகள் குளிர்ந்த தண்ணீர் மாதிரி நடிக்கும். வெறுமையான ஓட்டையைச் சுற்றி மோதிரம் மாதிரிக் குளிர் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தரக் குறியீடு 0 முதல் 5 வரை இருக்கும் கோப்பானால் 5 மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள், பெரும்பாலானவை ஓடிவிடும்.

ஆனால் இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ரொம்ப மாறினால் அதை மேகம் என்று எடுத்துக்கொள்ளும் சோதனை ஒன்று அந்த மென்பொருளில் இருக்கிறது. கூர்மையான வெப்ப எல்லையும் அப்படித்தானே மாறும்! அதனால் நல்ல எல்லை இருக்கும் இடத்திலேயே மெல்லிய கோடாக வெறுமை விழும். நீளமாக, வளைந்து, இரண்டு பக்கமும் வெவ்வேறு வெப்பத்தோடு வெறுமை தெரிந்தால் தரக் குறியீட்டை 4க்கோ 3க்கோ இறக்கிப் பாருங்கள். எனக்கு மாட்டிய நல்ல எல்லைகளில் பாதி அப்படி ஒளிந்திருந்தவை.

பச்சையம் கொட்டிக் கிடக்கிறது, ஒரு கடிகூட இல்லை

அதிகம் வரும் புகார் இது. ஜோகூர் கரையோரம், ரொம்பின் ஆற்று முகத்துவாரம், நம் சிங்கப்பூர் நீரிணை, எல்லாமே பச்சையப் படத்தில் வருடம் முழுக்க சிவந்துதான் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு "தீனி அங்கேதான்" என்று போனால் கிடைப்பது கலக்குத் தண்ணீர்.

கருவி பச்சையத்தை நேராக அளப்பதில்லை. நீல ஒளி எவ்வளவு, பச்சை ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு எண்ணைச் சொல்கிறது. நடுக்கடலில், தண்ணீரில் நுண்பாசியைத் தவிர வேறு எதுவும் நிறம் கொடுக்காத இடத்தில், அந்தச் சூத்திரம் நன்றாக வேலை செய்யும். இங்கே ஆற்று வண்டல் இருக்கிறது, அடிச்சேறு கிளம்புகிறது, கரையோரத்தில் மணல்தரையே மேலே தெரிகிறது. இது போதாதென்று தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலங்களிலிருந்து தேநீர் நிறச் சாயம் ஆறுகள் வழியாக இறங்கி நம் நீரிணை வரை வந்துவிடுகிறது. அந்தச் சாயம் நீல ஒளியைத் தின்றுவிடும். நீலம் குறைந்தால் சூத்திரம் "ஆகா, பச்சையம்!" என்று கூவும்.

பிரித்துப் பார்க்க நான் செய்வது இது. முதலில் அதே இடத்தின் போன மாதப் படத்தையும் போன வருடப் படத்தையும் திறப்பேன். எப்போதும் சிவப்பாகவே இருக்கும் இடம் செய்தியே இல்லை, அதை மனதிலிருந்து அழித்துவிடுவேன். அப்புறம் சென்டினல்-2 எடுத்த இயல்பான வண்ணப்படம், ஒரு புள்ளி 10 மீட்டர். பால்விட்ட டீ மாதிரி இருந்தால் வண்டல், கட்டங்காப்பி மாதிரி இருந்தால் சாயம். மூன்றாவது, பச்சையம் வெயிலில் தானாக மினுக்கும் சிவப்பு ஒளிர்வை அளக்கும் அடுக்கு. மோடிஸ் என்ற கருவியிலும் சென்டினல்-3இலும் அதற்கான அலைவரிசை இருக்கிறது, வியர்ஸில் இல்லை. பச்சையம் அதிகம் என்று சொல்லும் இடத்தில் ஒளிர்வும் அதிகமாக இருந்தால் நம்பலாம், ஒளிர்வு மட்டும் படுத்துக் கிடந்தால் அது சாயம். வண்டல் ரொம்ப இருக்கும் இடத்தில் இந்த ஒளிர்வும் குழம்பும், அதனால் கரையை ஒட்டி இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

செப்டம்பர், அக்டோபரில் புகைமூட்டம் வந்தால் இந்த வேலையே வேண்டாம். 2015இலும் 2019இலும் வந்த மாதிரி மூடிவிட்டால் நிறப்படம் வெறுமையாகும் அல்லது பொய் சொல்லும்.

அப்புறம் உண்மையான பச்சையமே என்றாலும், நடுவில் போய் நிற்காதீர்கள். மயில்மீனும் வஞ்சிரமும் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்கள். பச்சைத் தண்ணீர் நெத்திலிக்கும் செலார் என்கிற சின்ன மீனுக்கும் சாப்பாட்டுக் கடை, அதைச் சாப்பிட வருபவர்கள் தெளிந்த தண்ணீர்ப் பக்கம் வாசலில் நிற்பார்கள். வெப்ப எல்லையும் பச்சைய எல்லையும் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தைத் தேடுங்கள், தூண்டிலைத் தெளிந்த பக்கத்திலிருந்து போடுங்கள்.

எண்ணைப் பார்த்தால் 4000, 302, -32768 என்று வருகிறது

படம் பார்க்காமல் கோப்பை நேராக இறக்கித் திறப்பவர்களுக்கு. 302 என்பது கெல்வின், 273.15 கழித்தால் 29 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. 4000 என்பது சுருக்கி வைத்த எண், எம்யூஆர் என்றால் 0.001ஆல் பெருக்கி 298.15 கூட்டுங்கள், 302.15 வரும், அதைத்தான் மேலே சொன்ன மாதிரி மாற்றணும். -32768 தரவு இல்லை என்பதன் அடையாளம், அதையும் சேர்த்து சராசரி எடுத்துவிட்டுக் கடல் உறைந்துவிட்டது என்று எனக்கு எழுதாதீர்கள். படம் தலைகீழாக வந்தால் அட்சரேகை வரிசை கீழிருந்து மேலே போகிறது, திருப்பிவிடுங்கள்.

குறித்த இடத்துக்கே போனோம், ஆனால் அது அந்த இடமில்லை

இது என் சொந்தக் கதை. தியோமானுக்கும் ஆவோர் தீவுக்கும் நடுவில் நல்ல எல்லை ஒன்று, திரையில் 2.50 வடக்கு, 104.35 கிழக்கு. படகில் இருந்த ஜிபிஎஸ் டிகிரியும் நிமிடமுமாக வாங்கும் வகை. நான் தூக்கக் கலக்கத்தில் 2 டிகிரி 50 நிமிடம், 104 டிகிரி 35 நிமிடம் என்று தட்டிவிட்டேன். உண்மையில் அது 2 டிகிரி 30 நிமிடம், 104 டிகிரி 21 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், ஆக வடக்கே 20 மைல், கிழக்கே 14 மைல், நேராக அளந்தால் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றோம். தெக்கோங், அதாவது படகை ஓட்டுபவர், சுற்றிலும் பார்த்துவிட்டு இங்கே என்ன இருக்கிறது என்று மலாயில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டீசல் காசு முழுக்க என் தலையில், நியாயம்தான்.

தசமத்துக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்கினால் நிமிடம். கைபேசியில் ஒருமுறை, படகில் ஒருமுறை, தெக்கோங்கிடம் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டி ஒருமுறை. இன்னொன்று, தியோமான், ஆவோர் மாதிரித் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் வரை கடல் பூங்கா, அங்கே தூண்டில் போடக்கூடாது, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அம்புக்குறி ஒரு பக்கம் காட்டுகிறது, படகு வேறு பக்கம் போகிறது

அம்பைத் தூக்கிப் போடுங்கள். கடல்மட்டத்தின் மேடு பள்ளத்தை வைத்து நீரோட்டத்தைக் கணக்கிடும் முறை பூமியின் சுழற்சி விசையை நம்பியது, பூமத்தியரேகை பக்கத்தில் அந்த விசை இல்லை என்றே சொல்லலாம். கூடவே நம் கடல் சுண்டா மேடையின் மேல் இருக்கிறது, 100 மீட்டருக்கும் ஆழம் குறைவு, இங்கே கடல்மட்டத்தை ஆட்டுவது ஓதமும் காற்றும். வியட்நாமுக்கு அப்பால் ஆழ்கடலில் சூரை பிடிப்பவனுக்குச் சுழல்களைக் காட்டும் அந்தப் படம் பயன்படும், நமக்கு இல்லை.

ஆனால் எல்லை நகர்கிறது என்பது உண்மை. வெள்ளி மதியம் இரண்டரைக்கு எடுத்த படம், நீங்கள் சனி காலை 8 மணிக்குப் போகிறீர்கள், நடுவில் பதினேழரை மணி நேரம். மணிக்கு அரைக் கடல் மைல் நீரோட்டம் ஒரே பக்கம் இழுத்தால்கூட 9 கடல் மைல். ஓதம் போய்த் திரும்புவதால் அவ்வளவு ஆகாது, ஆனாலும் புள்ளியைக் குறிக்காமல் கோட்டின் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி ஓடுங்கள். நுரை, சருகு, மிதக்கும் குப்பை வரிசையாகத் தெரிந்தால் அதுதான் உங்கள் கோடு.

சிங்கப்பூர் நீரிணைக்குள் மட்டும் மீன்பிடிப்பவர் என்றால் இந்தப் பாடு எல்லாம் வேண்டாம். அங்கே ஓதம் ஒரு நாளைக்குள் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும், ஓத அட்டவணை போதும்.

எல்லாம் சரி, மீன் மட்டும் இல்லை

கோடு எத்தனை நாள் பழசு என்று பாருங்கள். பாசி பெருகி, அதை மிதவை உயிர்கள் தின்று, அதைச் சின்ன மீன் தின்று, அதைத் தேடிப் பெரிய மீன் வர நாட்கள் இல்லை, வாரக்கணக்கில் ஆகும். நேற்று முளைத்த எல்லையில் சாப்பாடு இன்னும் வேகவே இல்லை. நான் மூன்று நான்கு நாளாவது அதே பகுதியில் தெரியும் எல்லைக்குத்தான் போவேன், அது கொஞ்சம் மங்கலாக இருந்தாலும்.

அப்புறம் ஆழம். செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேற்பரப்பு. கீழே 20 மீட்டரில் தண்ணீர் எப்படி என்று அதற்குத் தெரியாது, படகிலிருந்து ஒலி அனுப்பிக் கீழே இருப்பதைத் திரையில் காட்டும் உங்கள் சவுண்டருக்குத்தான் தெரியும். கோட்டுக்கு வந்ததும் தூண்டிலை இறக்காமல் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டித் திரையைப் பாருங்கள். சின்ன மீன் கூட்டம் எந்த ஆழத்தில் நிற்கிறதோ அந்த ஆழத்துக்கு இரையை இறக்குங்கள்.

அதுவும் இல்லையென்றால் தெக்கோங்கிடம் கேளுங்கள், கோட்டுக்குப் பக்கத்தில் உஞ்சாம் ஏதாவது போட்டிருக்கிறதா என்று. தென்னை ஓலையைக் கட்டிக் கடலில் நிறுத்தி வைப்பார்களே, அதைச் சுற்றிச் சின்ன மீன் எப்போதும் சுற்றும். எது யாருடையது, எதில் தொடலாம் எதில் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். போன ஆகஸ்டில் என் படம் காட்டிய கோட்டிலிருந்து 2 மைல் தள்ளி அவர் ஓர் உஞ்சாமுக்குக் கூட்டிப் போனார். உயிர் இரைக்குச் செலார் பிடித்துக்கொண்டு மறுபடி கோட்டுக்கு வந்தோம், பத்து நிமிடத்தில் மயில்மீன் ஒன்று இழுத்துக்கொண்டு குதித்தது. பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டோம். படம் பார்த்ததால் வந்ததா, உஞ்சாமால் வந்ததா என்று திரும்பும் வழியெல்லாம் சண்டை போட்டோம், தெக்கோங் மட்டும் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.